குறையாத குளோரின்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஒரு நண்பனும் டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் ஹூஸ்டனில் ப்ரோகிராமர். அவன் வேதியியலில் பிஎச்.டி. மாணவன். கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தக் கோடைக்குள் முடிந்தால்தான் கிடைக்கும்.

அத்தியாயத்தின் விஷயம் எளிது. மெக்சிகோ வளைகுடாக் காற்றில் கடல் உப்புத் துகள்கள் வருகின்றன. ஃப்ரீவே கார்களின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் உப்பிலுள்ள குளோரின் வாயுவாகப் போய்விடும். சோடியத்தோடு நைட்ரேட் மிஞ்சும். ஆகவே எங்கள் ஊரை அடையும் உப்பில் குளோரின் குறைந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்கக் கொல்லையில் ஒரு முக்காலி, அதன் மேல் காற்றை உறிஞ்சும் பம்ப், பம்பின் வாயில் துகள்களைப் பிடிக்க வடிதாள்.

முதலில் குளோரின் ஒழுங்காகக் குறைந்தது. அவனுடைய அம்மா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தபின் குறையவில்லை. வடிதாளில் உப்பு, பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியதுபோல முழுசாக இருந்தது. பேராசிரியர் மறுபடி சோதிக்கச் சொன்னார். கடல் உப்பில் இருக்க வேண்டிய மெக்னீசியம் அதில் அநேகமாக இல்லை. இது கடை உப்பு என்றார்.

அன்று மாலை சமையலறையில் விசாரணை நடந்தது.

"அம்மா, அந்த மெஷின் பக்கம் உப்பு கொண்டு போனீங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் கண்ணு. சுத்திப் போட்டேன்."

"மெஷினுக்கா?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரரு நாயக் கூட்டிட்டுப் போறப்பெல்லாம் வேலிக்கு மேல எட்டி எட்டிப் பாக்கறாரு. திருஷ்டி படாதா?"

"சுத்தி எங்க போட்டீங்க?"

"ரோட்டுல போட்டா போலீஸ் வரும்னு நீதான சொன்ன. அங்கயே ஊதி விட்டுட்டேன். கல்லுப்புகூட இல்ல, உங்க பொடி உப்புதான்."

நண்பன் நாற்காலியில் உட்கார்ந்தான். "என் டிகிரியே அதுலதான் இருக்கும்மா. இனி உப்பு யூஸ் பண்ணாதீங்க."

"சரி. சூடம்?"

"புகை கூடாது."

"மொளகா?"

"அம்மா."

"அப்ப அத அம்போன்னு விடச் சொல்றியா?"

"எலுமிச்சம்பழம் வெச்சா என்ன ஆன்ட்டி?" என்றேன்.

நண்பன் என்னை முறைத்தான். பிறகு உண்மையிலேயே யோசித்தான். "வெட்டாம வெச்சா ஓகே."

முக்காலியின் கீழ் முழு எலுமிச்சம்பழம் ஒன்று வந்தது. அடுத்த வடிதாளில் குளோரின் குறைந்தது. ஆன்ட்டி ஊருக்கு ஃபோன் போட்டுப் பழத்தின் மகிமையைச் சொன்னார். பழம் வாடியதும் மாற்றியவன் நண்பன்தான். நீ எப்போது நம்ப ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

"நம்பிக்கை இல்லடா. நடுவுல கண்டிஷன் மாத்தினா டேட்டா செல்லாது."

அத்தியாயம் கோடைக்குள் முடிந்தது. பம்பின் உயரம், ஃப்ரீவேயிலிருந்து தூரம், காற்றின் திசை எல்லாம் அதில் இருந்தன. பழத்தைப் பற்றி எங்கே போட்டிருக்கிறது என்று ஆன்ட்டி பக்கம் பக்கமாகக் காட்டச் சொன்னார். இல்லை என்று தெரிந்ததும், அவன் சான் ரமோன் போகும்வரை அவனோடு சரியாகப் பேசவில்லை.