ருஸ்தினி இறக்கிய பைக்

வோனோசோபோ மலைக்கிராமங்களில் பிரசவம் பார்க்கும் ருஸ்தினி குள்ளம். அவள் வாங்கிய பைக்கோ நெட்டை. நிறுத்தினால் கால் நுனிதான் தரையைத் தொடும். பின்பக்கத்தை மெக்கானிக் இறக்கிக் கொடுத்தும் முன்பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது.

ஞாயிறு காலை, வீட்டு முற்றத்திலேயே ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினாள்.

"மெக்கானிக்கிட்டயே விடேன். கழண்டு விழுந்துடப்போவுது" என்றான் கணவன் பார்னோ.

"நீங்க ஹேண்டில்பாரைப் பிடிங்க, வாய்க்கு லீவு விடுங்க."

போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை ஒவ்வொன்றாக, ஒரே அளவுக்கு மேலே ஏற்றி இறுக்கினாள். குழாய்கள் மேலே ஏறிய அளவுக்கு வண்டியின் முகம் தாழ்ந்தது.

மறுநாள் சந்தை ஏற்றத்தில் லாரி ஒன்று மறிக்க, பிரேக் பிடித்தாள். இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிந்தன. லாரி போன பின்னும் அப்படியே நின்றாள். பின்னால் ஹாரன் அடித்த காய்கறிக்காரரிடம் திரும்பி, "நானே இறக்கினதுங்க, பாருங்க!" என்றாள்.