தம்பியின் முட்டுவலி

காய்ந்த தேங்காயெண்ணெயில் ஏத்தவாழைக்காய்ச் சீவல்கள் விழுந்து சலசலப்பதும், மேலே மஞ்சள் கலந்த உப்புநீர் தெளித்ததும் அது சீறுவதும் எங்கேனும் காதில் விழுந்தால், எனக்குப் பசி வருவதில்லை, பயம்தான் வருகிறது.

கருங்கல் ஊரில் சந்தைப் பக்கம் அப்பா ‘உப்பேரி’க் கடை வைத்திருந்தார். அந்த வாழைக்காய் வற்றலைத் தின்று தின்றே என் தம்பி மணி பன்னிரண்டு வயதில் என்னைவிட இருமடங்கு பருத்திருந்தான். விலா எலும்பு தெரியும் பிள்ளைகளே நிறைந்திருந்த அந்தக் காலத்தில் அது யாருக்கும் கவலையாகத் தோன்றவில்லை, சந்தை நாளில் அப்பா அவனைச் சட்டையில்லாமல் கடை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்து, “எங்க எண்ணெயில கலப்படம் இல்லன்னு இவனப் பாத்தா தெரியாதா?” என்பார். வருகிறவர்கள் அவன் வயிற்றில் தட்டி, “நடக்க வேண்டாம் மக்கா, உருண்டே வீட்டுக்குப் போயிரலாம்” என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்த மழைக்காலத்தில் அவன் காலை இழுத்து நடக்கத் தொடங்கினான். “முட்டு நோவுது” என்றான். முழங்காலில் வீக்கமில்லை, அப்பா தைலம் தேய்த்துவிட்டார். நடக்கும்போது அவன் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்ததை நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. பள்ளியில் என்னை ‘அண்டாவுக்க அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள்; அந்த எரிச்சலில், அப்பா கேட்டபோது, “நடிக்கான். பள்ளிக்கூடம் போவ மடி” என்றேன். கொழுப்பைக் கரைக்கிறேன் என்று விடியற்காலையில் அவனை ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஓடவும் விட்டேன்.

“அண்ணே, முடியல்ல.”

“ஓடுலே.”

ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே கால் மடங்கி உட்கார்ந்தான். பிறகு எழவில்லை.

வளரும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை இன்னும் இறுகியிராது, உடல் பாரம் கூடினால் அது நழுவலாம், நழுவினால் வலி முட்டில் தெரியலாம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். அதன்பின் அப்பா முக்காலியை வாசலில் போடவில்லை. மணியின் இடது கால் குட்டையாகவே நின்றுவிட்டது.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். பிள்ளைகளின் விலா எலும்பும் இப்போது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. என் பேரனும் நல்ல பருமன். முட்டு வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, “அது வளர்ற வலிப்பா, நாலு நாள் மைதானத்துல ஓடினா சரியாவும்” என்றான் என் மகன். நான் வாசலை மறித்து நின்றேன். இப்போது நாகர்கோவிலில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே பேரன்.

கருங்கல்லிலிருந்து மணி போனில் அழைத்தான்.

“அண்ணே, முட்ட மட்டும் படம் எடுத்துட்டு விட்டுராதீங்க. இடுப்பையும் எடுக்கச் சொன்னியளா?”

“சொன்னேன்.”

“நடக்க விட்டியளா?”

“இல்ல. தள்ளுநாற்காலியிலதான் கொண்டுவந்தோம்.”

“நோவுதுன்னு எப்பம் சொன்னான்?”

“நேத்து சாயங்காலம்.”

 “இவன ஒடனே நம்பிட்டிய, இல்லியா?” என்றான் மணி. கேலியா வருத்தமா என்று அந்தக் குரலில் பிரித்தறிய முடியவில்லை. நான் ஆமாம் என்றேன். அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை.