கோமுகி ரோட்டில் கை காட்டியவர்

போன ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கோமுகி ஆற்றோர ரோட்டில் கிளம்பினேன். அவசரமே இல்லை. ஒரு பக்கம் ஆறு, எதிரே கல்வராயன் மலை... முப்பது கிலோமீட்டர் வேகம். டாக்டர் சொல்லாமலே நான் செய்கிற ஒரே நல்ல காரியம் இதுதான்!

அணைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பெஞ்சில் ஒரு மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். சின்னையன் என்று பேர். சாமை விதைக்கிறவர். பேச்சு எப்படியோ எண்பதுகளின் அந்தப் போராட்ட வருஷங்களுக்குப் போனது. இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்த நாட்கள்.

"அப்பதாங்க எனக்கு கவர்மென்ட் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்துது. எங்க ஊர்லயே பத்தாவது பாஸ் பண்ண மொத ஆளு நானு. மலைய வுட்டு எறங்கியாந்தா பஸ்ஸே இல்ல. கள்ளக்குறிச்சிக்கு நடந்துக்கினு இருக்கேன். வடக்கனந்தல் ஊராண்ட ஒரு செவப்பு பைக்கு வந்துது. கார்டயே தூக்கிக் காட்டனேன். நிக்கலீங்க."



அந்தச் சிவப்பு பைக் என்னுடையது. புதுசு. பஸ் இல்லை, லாரி இல்லை, ரோடு முழுக்க எனக்கே என்று ஜாலியாக வந்துகொண்டிருந்தேன். மரம் விழுந்த இடங்களில் வயல் ஓரமாக இறக்கி ஏற்றிவிடலாம்.

வெள்ளைச் சட்டை, கையில் காகிதம். பார்த்தேன். ஆனால் அப்போதெல்லாம் வண்டியை நிறுத்தினால் போராட்டக்காரர்கள் 'எங்க போற' என்று கேட்க மாட்டார்கள். 'நீ இன்னா ஆளு' என்று சாதியைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னால் வண்டி மிஞ்சாது. எனக்குப் பயம். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

"அப்புறம்?" என்றேன்.

"ரெண்டு மணிக்குப் போய் சேந்தேங்க. முடிஞ்சிபோச்சின்னுட்டாங்க. அதுக்கப்பறம் கார்டே வரல."

பழங்குடி இடஒதுக்கீட்டில் அவருக்குக் கிடைக்கவேண்டிய வேலை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டத்தில் போய்விட்டது. போராடியவர்களைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? மரங்களைத் தாண்டி வந்த ஒரே வண்டியும் என்னுடையதுதானே?

அவமானம் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்த வண்டி என்னுதுங்க."

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பயந்திருப்பீங்க. அந்த நேரம் அப்பிடி" என்றார். பிறகு மெதுவாக, "நான் பின்னாலயே கொஞ்ச தூரம் ஓடியாந்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம்."

"தெரியலீங்க" என்றேன்.

பொய். கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடி வந்ததை, வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் போனேன்.