நாற்பத்தொன்பதாவது நாள்

முருகனை நம்பும் உங்கள் எல்லோருக்கும், மலேசியாவின் புக்கிட் செலம்பாவில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டும் ஒருவனின் வணக்கம். போன தீபாவளிக்கு மறுவாரம் என் லோரியில் என்னால் ஏற முடியவில்லை. இரண்டே படிதான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்றது. முப்பது வருடச் சிகரெட். பயந்துபோனேன்.

மனைவி மங்கை என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் குடும்பத்தையே பல வருடங்களாகப் பார்க்கும் டாக்டரம்மா இரண்டு கருவிகளில் ஊதச் சொன்னார். ஒன்று நுரையீரலின் பலத்தைக் காட்டுமாம். மற்றது உடம்பில் தங்கிய புகையைக் காட்டுமாம். ஊதியதைவிட இருமியதுதான் அதிகம்.

“நுரையீரல் ரொம்ப கெட்டுப்போயிருக்குண்ணே. இப்ப நிறுத்துனா மிச்சத்தக் காப்பாத்தலாம். இல்லன்னா கொஞ்ச வருஷத்துல லோரியும் ஓட்ட முடியாது, காவடியும் எடுக்க முடியாது.”

காவடி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் சிகரெட்டைத் தொடமாட்டேன். “எனக்கு நிறுத்தத் தெரியும் டாக்டர். முருகன் பாத்துப்பாரு லா” என்று மார்தட்டினேன். அவர் வாதாடவில்லை. நிக்கோட்டின் பேட்ச் ஒரு பெட்டி கொடுத்தார். பிளாஸ்டர் மாதிரி இருக்கும். தினமும் காலையில் ஒன்றைத் தோளில் ஒட்ட வேண்டும். சிகரெட் தேடும் உடம்பை அது கொஞ்சம் அடக்கி வைக்குமாம்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும், லோரிச் சாவியோ மகளின் பரீட்சைப் பேனாவோ, முதலில் முருகன் படத்துக்கு முன்னால்தான் வைப்போம். அந்தப் பெட்டியையும் வைத்தேன். விபூதி தூவினேன். “முருகா, இந்த ஆசையையே எடுத்துடு” என்று அழுதேன். ஆனால் பெட்டியைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. ஒட்டினால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? ஒட்டாவிட்டால் டாக்டரை ஏமாற்றுவதாகாதா? ஒன்றும் புரியாமல் வாசலுக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. தினமும் கும்பிட்டேன், தினமும் புகைத்தேன். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டுக் கட்டிலுக்கு வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. மங்கை முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். முருகன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது, புகையைக் காட்டும் கருவியில் எண் குறையவே இல்லை.

“பேட்ச் ஒட்டுனீங்களாண்ணே?”

“சாமிகிட்ட வெச்சிருக்கேன் டாக்டர்.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “விரதத்துல சிகரெட் ஞாபகம் வராம இருக்க என்னென்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். விடிவதற்குள் குளியல். காலைக் காப்பி கிடையாது. கடையில் கூட்டாளிகளோடு உட்கார மாட்டேன். கை சும்மா இருந்தால் காவடிக்கு மயிலிறகு கட்டுவேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“நல்ல பழக்கம்ணே எல்லாம். சரி, நாப்பத்தொன்பதாவது நாள் என்ன செய்வீங்க?”

உள்ளதைச் சொன்னேன். தைப்பூசத்துக்கு மறுநாள் விடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு, கோவில் வாசலிலேயே முதல் சிகரெட். கூட்டாளி சிவா தயாராக வைத்திருப்பான். ஒவ்வொரு வருடமும் இதேதான். இருபது வருடத்தில் அந்த நாளுக்காக ஒரு தடவைகூட நான் வேண்டியதில்லை.

“அந்த நாளுக்கும் சேத்து வேண்டிக்குங்க. அன்னிக்குக் காலையில மொத நம்பர் உங்களுக்குத்தான். மாலையக் கழட்டுனதும் நேரா இங்க வந்துருங்க” என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்.

மாலை போட்ட அன்றே முதல் பேட்சை ஒட்டினேன். தினமும் விபூதி பூசும்போதே தோளிலும் ஒன்று. தைப்பூசத்தன்று மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாலும் காவடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மறுநாள் மாலையைக் கழற்றியதும் சிவா நீட்டினான். “இந்தா, ஒன்னே ஒன்னு லா!” என் கை அதை வாங்கிவிட்டது. மனம் என்ன நினைத்தது என்று இப்போதும் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளினிக்குக்கு விட்டேன்.

ஊதினேன். சிகரெட் பிடிக்காதவருக்கு வரும் எண் வந்தது. டாக்டரம்மா கைதட்டினார். நான் பையிலிருந்த சிகரெட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் போய்வந்தேன். பேட்சைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இப்போது கதவைப் பிடிக்காமல் லோரியில் ஏறுகிறேன். ஆனாலும் காப்பி வாசம் வந்தால் கை பையைத் தடவுகிறது. ஆசையை எடு என்றுதானே வேண்டினேன்? அவர் எடுக்கவில்லை. அந்த நாற்பத்தொன்பதாவது நாள் காலைக்கு ஒரு டாக்டரம்மாவைத்தான் கொடுத்தார். இதற்கு என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலே தினமும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறேன்.

என்னைப் போல் மூச்சுக்குத் தவிப்பவர் உங்களில் இருந்தால், முருகனை நம்புங்கள். டாக்டரிடமும் போங்கள். மருந்துப் பெட்டியைத் தாராளமாகச் சாமி முன்னால் வையுங்கள், ஆனால் மறுநாள் காலையில் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். நான் வாரக்கணக்கில் அங்கேயே விட்டுவைத்தேன். முருகனுக்கு என்ன, சிகரெட் பழக்கமா இருக்கிறது?