நேராக வைத்தால் இருட்டு

பழைய கால்குலேட்டரின் திரையிலிருந்து உரித்தெடுத்த ஒரு கறுப்புப் படலம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பார்த்தாலே என் நெறியாளரின் முகம் வரும். உடனே இழுப்பறையைச் சாத்திவிடுவேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஆட்டுக்காலில் தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் கொலாஜன் என்ற புரத இழைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது என் ஆய்வு. "கறிய விட்டுட்டு நரம்பக் கேக்குற மொத ஆளு நீதாம்ப்பா" என்பார் பேகம்பூர்க் கறிக்கடை பாய். நாள் முழுக்க அதோடு கிடந்துவிட்டு வீட்டுக்குப் போக வடமதுரை பஸ்ஸில் ஏறினால், அந்த வாடைக்கு என் பக்கத்து சீட் கடைசிவரை காலிதான். ஆய்வால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. நல்ல கருவி வாங்க வழியில்லாததால், சாதாரண மைக்ராஸ்கோப்பில் விளக்குக்கு மேல், ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் அந்தக் கால்குலேட்டர்ப் படலம் ஒன்றும் கண்வில்லைக்குள் இன்னொன்றும் குறுக்காக வைப்பேன். கண்ணாடி ஸ்லைடு உட்பட எல்லாம் இருண்டுவிடும். இழைகள் சாய்வாகக் கிடந்தால் மட்டும் அந்த இருட்டில் கங்கு மாதிரி ஒளிரும். படலத்துக்கு நேராகக் கிடந்தால் அவையும் அணைந்துபோகும். ஸ்லைடைக் கையால் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

பகைக்குக் காரணம் என் வாய். ஒருநாள் துறையே சூழ்ந்து நிற்க, மினுங்கும் ஓர் இழையைக் காட்டி, "இப்பேர்ப்பட்ட கொலாஜன நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் நெறியாளர். பருத்தியும் இப்படித்தான் மினுங்கும். ஸ்லைடைத் தன் கைக்குட்டையால் துடைப்பது அவர் வழக்கம். "சார், இது உங்க கர்ச்சீப் நூலு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அன்றிலிருந்து என் வணக்கத்துக்குப் பதில் கிடையாது.

பட்டம் கிடைக்குமா போகுமா என்று நான் வியர்த்து நின்ற வாய்மொழித் தேர்வில், வெளியூர்த் தேர்வாளர் ஸ்லைடைக் காட்டச் சொன்னார். நான் நகருமுன் நெறியாளரே போய் வைத்தார். இழைகளை நேராக; தெரிந்தே. "பாருங்க சார், வெறும் இருட்டு. இதுக்குத்தான் இவரு இம்புட்டுப் பக்கம் எழுதியிருக்காரு." நான் கை நீட்டினேன். நெறியாளர் தடுத்தார். "கைய எடுங்க தம்பி. நீங்க தொட்டா, நீங்களே ஏதோ பண்ணுனதா ஆயிரும்."

"அப்ப நீங்களே செத்தச் சாய்ச்சு வைங்க சார்" என்று தேர்வாளரைக் கெஞ்சினேன். அவர் விரலால் லேசாகத் திருப்பினார். "அடேயப்பா!" என்றவர் அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. நெறியாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் அவருடைய பணிநிறைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை கேட்டு ஃபோன் வந்தது. படலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நியாயமாகவே யோசித்தேன். மனுஷனை நேராக வைத்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஒரு முழுச் சுற்றும் திருப்பிப் பார்த்தேன். கொலாஜன் என்றால் ஏதாவதொரு கோணத்தில் ஒளிர்ந்துவிடும். எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடப்பது வெறும் கண்ணாடி.

"மன்னிச்சுக்கங்க, நான் ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையைச் சாத்தினேன்.