கடைசியாக இறங்கியவள்

புந்தோங்கில் என் தோசைக் கடைக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட வரும் மகேந்திரனைப் பல வருடமாகத் தெரியும். லாரி ஓட்டிய காலத்தில் பாதி மாதம் ஜொகூர் பக்கம் இருப்பான், மீதி மாதம் குடி. மனைவி தினேஸ்வரி மகள் லோஷினியோடு கோப்பெங்கில் தன் தங்கை வீட்டுக்குப் போனதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன்.

பிரிந்த பிறகுதான் மனுஷனுக்குப் புத்தி வந்தது. லாரியை விட்டான். மகள் படிக்கும் பள்ளிக்கே வேன் ஓட்டும் வேலையைக் கேட்டு வாங்கினான். வேனில் மகள் இருப்பாள் என்றே குடியை விட்டான். குடியை விட்டதால் வேலை நிலைத்தது.

முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்தான்: "வேன்ல நான் அங்கிள் லா. அப்பான்னு கூப்பிட்டா மத்த பிள்ளைங்க மூஞ்சியத் தூக்கும்." பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

காலையில் அவளைச் சித்தப்பா பள்ளியில் விட்டுவிடுவார். மதியம்தான் வேன். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் வீடு; பாதையின் கோடி என்பதால் கடைசியாக இறங்குவாள். மற்ற பிள்ளைகள் இறங்கியதும் முன் சீட்டுக்குத் தாவி வருவாள். அங்கிருந்து வீடு வரைக்கும் அவன் அப்பா. அதற்காகவே விடியுமுன் எழுந்தான்.

போன மாதம் தினேஸ்வரிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் போட்டுவிட்டார்கள். மறுநாள் பிள்ளைகள் நிறைந்த வேனில் லோஷினி பின்னாலிருந்து கேட்டாள்.

"அங்கிள், என்னை முதல்ல இறக்கி விடுறீங்களா? ரெண்டு மணிக்கு அம்மாவோட பஸ் வந்துடும். போறதுக்குள்ள அம்மாவைப் பார்க்கணும்."

நேராக அவள் வீட்டுக்கு ஓட்டினான்; முன் சீட்டு காலியாகவே இருந்தது.

இதை அவன் சொன்னபோது தட்டில் தோசை ஆறிக் கிடந்தது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாரேன்."

"தினேஸ்வரிக்கும் அது ஒரு நாள்தான் லீவு, அக்கா. அதையும் நான் பிடுங்கவா?"

"அப்ப லாரிக்கே திரும்பிப் போ. வேன்ல இனி உனக்கு என்ன இருக்கு?"

"அவளை முதல்ல விட்டுட்டுத் திரும்பி வந்துதான் மத்தவங்கள இறக்கணும். நான் போயிட்டா, வர்ற புது டிரைவர் இப்படிச் சுத்துவானா?"

இப்போதும் தினம் சுற்றுகிறான். மற்ற பெற்றோர்கள் தாமதம் என்று திட்டுகிறார்கள்; இவன் வழியை மாற்றுவதில்லை. வீட்டு வாசலில் தினேஸ்வரி சீருடையோடு காத்து நிற்பாளாம். லோஷினி அவளிடம் ஓடும் அவசரத்திலும், அவன் சொல்லிக் கொடுத்ததை மறப்பதில்லை.

"தேங்க் யூ, அங்கிள்."