‘பாதுகாக்கத் தக்கது’ என்றொரு தாள்

ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மகள், கோயில் வாசலில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போய், என் பிறந்தநாளுக்கென்று ஓர் இரும்புத் தகடு வாங்கினாள். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருந்தது. நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு துளை, அதன் பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை, ஓரத்தில் பறக்கிற ஒரு பறவை. வாட்ஸப்பில் படம் வந்ததும் பழைய ஸ்டவ்வின் பாகம் என்றுதான் நினைத்தேன். ஜப்பானில் போய் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறாளோ என்று கவலைகூட வந்தது.

“அப்பா, இது சாமுராய் வாளோடது. கைப்பிடிக்கும் கத்திக்கும் நடுவுல ஒரு தட்டு இருக்குமே, கை வழுக்கி முன்னாடி போயிடாம? அது. ட்ஸுபான்னு சொல்லுவாங்க. இருநூறு வருஷமாவது இருக்குமாம்.”

“யார் சொன்னா?”

“வித்தவர்தான்.”

“விக்கறவர் வேற என்ன சொல்லுவார்? சர்டிபிகேட் இருக்கா?”

பிறந்தநாள் பரிசு வாங்கிய மகளிடம் ஒரு தகப்பன் முதலில் சொல்ல வேண்டியது இதுவல்ல. ஆனால் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சான்றிதழ் இல்லாத பொருளைத் தொடவே மனம் வராது. சாதி, வருமானம், இருப்பிடம், நன்னடத்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வாங்கி, அதற்கு மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை லேமினேட் செய்து பீரோவில் வைத்த பரம்பரை நாங்கள்.

அவள் சிரித்தாள். “சர்டிபிகேட் இல்ல. ஆனா வாங்கலாமாம். டோக்கியோவுல ஒரு சங்கம் இருக்காம். அனுப்பினா பாத்து எழுதித் தருவாங்களாம். வேணுமா?”

வேணும் என்றேன். அந்த அழைப்பு இருபது நிமிடம் ஓடியதைப் போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

அதுவரை எங்கள் அழைப்புகள் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, அங்கே குளிரா, இங்கே வெயில், சரி வைக்கட்டுமா. இதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது. என் மனைவி இருந்தவரை நானும் மகளும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். நான் சொன்னதை மகளிடம், மகள் சொன்னதை என்னிடம் என்று அவளே எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டார்கள். வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. அவை நகைச்சுவைதான் என்பதற்கு இதுவரை யாரும் சான்று வழங்கியதில்லை. ஆகவே கைவசம் நேரம் நிறைய இருந்தது. மதியங்களில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஜப்பானிய வாள் தகடுகளுக்கான சான்றிதழ்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். உலகத்தில் என்னைப் போல் வேலையில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் எழுதிவைத்த எல்லாவற்றையும் படித்தேன்.

தாள் எப்படி இருக்குமென்றால், கெட்டியான காகிதம், ஒரு மடிப்பு. ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் அந்தப் பொருளின் புகைப்படம். பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி ஒரு முத்திரை. நம் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் தலைமையாசிரியர் படத்திலிருக்கும் நம் காதின் மேல் பாதி சீல் விழும்படி அடிப்பாரே, அதேதான். படத்தைப் பிய்த்து வேறு படம் ஒட்ட முடியாது. திருட்டுப் புத்தியிலும் அதைத் தடுக்கும் புத்தியிலும் ஆசியா முழுக்க ஒரே குடும்பம்.

இதற்கும் மிஞ்சிய திருட்டு ஒன்று உண்டு. தாளைத் தொடவே மாட்டார்கள். அதிலிருக்கும் படத்தைப் போலவே இன்னொரு தகட்டைத் தேடிப் பிடித்து, அந்தத் தாளுக்குக் கட்டிவைத்து விற்றுவிடுவார்கள். அதனால் வாங்குகிறவன் தாளைப் படித்தால் மட்டும் போதாது. படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துத் துளையின் ஓரம், சுத்தியல் தடம், துருவின் திட்டு எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. செய்தவன் பெயர் வெட்டிய தகட்டின் மேல்தான் சந்தேகம் அதிகம், ஏனென்றால் பெரிய பெயர்களைப் பொய்யாக வெட்டுவது அங்கே ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. பெயரில்லாத தகட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சங்கத்தின் குழுவினர் உட்கார்ந்து பார்த்து, இன்ன ஊர்ப் பட்டறை வழி என்று எழுதுவார்கள். நம்முடையது பெயரில்லாதது.

தாளில் விலை இருக்காது. ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்ற விளக்கமும் இருக்காது. கடைசியில் ஒரு தீர்ப்பு மட்டும் இருக்கும்: பாதுகாக்கத் தக்கது. அதற்கு மேல்படி, சிறப்பாகப் பாதுகாக்கத் தக்கது. அதற்கும் மேலே முக்கியமானது என்று போகிறது.

அந்த நவம்பரில் நான் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டியிருந்தது. மனைவி வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் இருக்கிறேன் என்று காட்டியாக வேண்டும். இப்போதெல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. முகத்தை வட்டத்துக்குள் வைத்தால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டினேன். உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டது. அந்த இரும்புக்குக் கிடைக்கப்போகும் அளவு மரியாதையான வாசகம் என் சான்றில் இல்லை.

இதற்கிடையில் நானும் மகளும் பேசும் ஞாயிறுகள் மாறிவிட்டன. தகட்டை அனுப்புவதற்கு முன் அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உண்மையில் அதற்கு அவசியமே இல்லை, பார்ப்பதற்குத்தான் குழு இருக்கிறது. மகள் ஜன்னலோரம் தகட்டைப் பிடித்துக்கொள்வாள். நான் இங்கிருந்து உத்தரவு போடுவேன்.

“இன்னும் சாய்ச்சுக் காட்டு. விளிம்பு தெரியணும்.”

“தெரியறதா?”

“உன் கட்டை விரல்தான் தெரியுது. அதுல என்ன பிளாஸ்திரி?”

“குடைமிளகா நறுக்கும்போது பட்டுடுத்து. அத விடு. விளிம்பப் பாரு.”

இப்படித்தான் எனக்குச் செய்திகள் வந்தன, தகட்டின் ஓரத்தில். துளையை ஸ்கேல் வைத்து அளக்கும்போது, போன மாதம் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னாள். துருவின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது, முன்பு இங்கே வேலை பார்த்த தரமணி அலுவலகத்துத் தோழிகள் யாரும் இப்போது பேசுவதில்லை என்று சொன்னாள். நேரடியாகக் கேட்டிருந்தால் எல்லாம் நல்லாருக்குப்பா என்றிருப்பாள். நானும் பறவையின் இறக்கையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டு, ராத்திரியில் தோசை வார்ப்பதை நிறுத்திவிட்டதைச் சொன்னேன். ஒரு ஆளுக்குக் கல்லைக் காயவைப்பது அபத்தமாக இருக்கிறது.

ஒருவழியாக, விற்றவர் மூலமாகவே தகடு டோக்கியோவுக்குப் போனது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் “வந்துதா?” என்று கேட்க முடிந்தது. “வரலப்பா” என்று அவள் சொல்ல, அந்தச் சங்கத்தின் மந்தத்தைத் திட்டியபடி அரை மணி நேரம் போகும்.

முடிவு மூன்று விதமாக இருக்கலாம். தேறும், தேறாது, அல்லது இப்போது சொல்ல முடியாது என்று நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்தால் மறுபடி அனுப்பலாம், மறுபடி காத்திருக்கலாம். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது கோபுரத்தைப் பார்த்து அந்த மூன்றாவதைத்தான் கேட்டேன். அறிவாளிகள் ஐந்தாறு பேர் குழம்பிப் போகட்டும் என்று அந்த வாசலில் வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குழு குழம்பவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள், ஞாயிறு கூட இல்லை, அவள் போன் செய்து கத்தினாள். “அப்பா! பாஸ்! மொதல் தடவையே பாஸ்!”

“அப்படியா” என்றேன். அவள் பத்தாம் வகுப்புத் தேறியபோதும் இதையேதான் சொன்னேன் என்று அவள் அம்மா பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் இருந்தது, சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு அதுவும் இல்லை.

“அடுத்த படிக்கு அனுப்பலாமா? சிறப்பாகப் பாதுகாக்கத் தக்கதுன்னு ஒண்ணு இருக்கு.”

“எதுக்குப்பா? நீ கேட்டது கெடச்சாச்சு. நாளைக்கே போஸ்ட் பண்ணிடறேன். எப்பதான் அதக் கையில பாப்ப?”

“சரி, அனுப்பு” என்றேன்.

பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “இன்னா சார் உள்ள? சின்ன டப்பாதான், ஆனா நல்லா வெயிட்டா கீது.”

“வாளோட பாகம்.”

“வாள் எங்க சார்?”

“அது வரல.”

“அப்ப இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

கீழ் வீட்டு மாமிக்குக் காது கூர்மை. படியேறி வந்து தகட்டைத் தொடாமல் பார்த்தார். “ஜப்பான்லேர்ந்து பொண்ணு இரும்பா அனுப்பிருக்கா? எங்காத்துல மாட்டுப்பொண் மிக்ஸி அனுப்பினா.” பிறகு தாளைப் பார்த்ததும் முகத்தில் மரியாதை வந்தது. “இது என்னமோ கவர்மென்ட் பேப்பராட்டம் இருக்கே. மொதல்ல லேமினேட் பண்ணிடுங்கோ. இந்த ஊர் ஈரத்துக்கு நிக்காது. சும்மா பாத்துண்டே இருக்காதேங்கோ.”

“லேமினேட் பண்ணா செல்லாது மாமி. சூடுபட்டா முத்திரை கெட்டுடும். மடிப்பும் மடிப்பாவே இருக்கணும்.”

“செல்லும்னு எங்க கொண்டு குடுக்கப்போறேள்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு, படித்தபடியே செய்தேன். தாளை விரித்துப் பக்கத்தில் தகட்டை வைத்தேன். நடுத்துளையின் இரு முனையிலும் செம்பு வைத்து அடைத்திருந்தது, படத்திலும் அப்படியே. பறவையின் இடது இறக்கையில் ஒரு தேய்வு, படத்திலும் உண்டு. அரை மணி நேரம் தேடியும் ஒரு வித்தியாசம் கிடைக்கவில்லை. அதே பொருள், அதே தாள், அதே படம். இனிமேல் அவளிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு பேசினாள். சாப்ட்டியா, மாத்திரை போட்டியா. அதற்கடுத்த ஞாயிறு அலுவலகத்தில் ஏதோ வேலை என்று செய்தி மட்டும் அனுப்பினாள். அப்புறம் ஒரு ஞாயிறு அதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சொல்வதற்கு ஒன்று தயாராகவே இருந்தது: படத்திலிருக்கும் தகடும் வந்த தகடும் ஒன்றல்ல என்று தோன்றுகிறது, துளையின் ஓரம் ஒத்துப்போகவில்லை, கொஞ்சம் விசாரி. நம்புவாள். விற்றவரைக் கேட்பாள், டோக்கியோவுக்கு எழுதுவாள், குறைந்தது மழைக்காலம் வரை தாங்கும். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போன் செய்தேன்.

உடனே எடுத்தாள். குரல் மெல்லியதாக, பதற்றமாக வந்தது. “அப்பா? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒடம்பு?”

“நல்லாருக்கேன்.”

“பின்ன? சர்டிபிகேட்டுல ஏதாவது தப்பா?”

அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தகடு எதிரே மேஜையில்தான் இருந்தது.

“இல்ல. எல்லாம் சரியா இருக்கு. சும்மாதான் பண்ணினேன்.”

என் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சும்மா போன் செய்ததில்லை. அவளுக்கு அது எந்தக் கணக்கில் சேரும் என்று புரிந்திருக்காது.

“ட்ரெயின்ல இருக்கேன்பா,” என்றாள், இன்னும் தாழ்ந்த குரலில். “இங்க ட்ரெயினுக்குள்ள போன் பேச மாட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“சரி சரி, வெச்சுடு.”

“நீ வெக்காத. நான் பையில போட்டுக்கறேன். எறங்கினதும் பேசறேன்.”

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், எனக்குப் புரியாத பாஷையில், ஏதோ ஸ்டேஷனின் பெயர் சொன்னது. கதவுகள் திறந்து மூடின. அத்தனை பேர் இருக்கும் பெட்டியில் ஒருவரும் பேசவில்லை, தண்டவாளம் மட்டும் ஓடியது. போனைக் காதில் வைத்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஸ்டேஷன் வந்தது. இன்னொன்று. மாமி கீழே யாருடனோ மிக்ஸியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை வலித்தபோது போனை மறு காதுக்கு மாற்றினேன்.

காலடிச் சத்தங்கள் நிறையக் கேட்டன. காற்று. பையின் ஜிப்.

“எறங்கிட்டேன்பா. சொல்லு.”

“அங்க மழையா?” என்று கேட்டேன்.